ஆறு மணிக்கு வீடு, ஏழு மணிக்குக் கூழ்: வேலைநாளில் ஒடியற்கூழ் காய்ச்சுவது எப்படி?

கேட்கப்பட்ட கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். கிளிநொச்சியில் நாலு பேர் உள்ள வீடு: கணவன், மனைவி, ஐந்து வயதுப் பிள்ளை, மாமி. வேலை முடிந்து வீடு வர மாலை ஆறு மணியாகிறது. சோறு, கறி, சொதி என்று மூன்று சட்டி ஏற்ற நேரமில்லை. ஒரே பானையில் வயிறு நிறைய ஏதாவது வேண்டும். பனங்கிழங்கு மாவோடு கடலுணவும் மரக்கறியும் போட்டுக் காய்ச்சுகிற ஒடியற்கூழில் விருப்பம், ஆனால் அது ஞாயிற்றுக்கிழமை ஊர்கூடிச் செய்கிற அரைநாள் வேலை என்று பயம். இரண்டு தரம் முயன்றதில் ஒரு தரம் கைத்தது, மறுதரம் மா கட்டிபட்டது.

வேலைநாளில் தாராளமாகச் செய்யலாம். கூழுக்குப் போகிற அரைநாளில் அடுப்பில் நிற்கிற நேரம் முக்கால் மணித்தியாலம்தான். மிச்சமெல்லாம் நண்டு உடைப்பது, இறால் உரிப்பது, மரவள்ளி சீவுவது, மிளகாய் அரைப்பது, புளி கரைப்பது. இந்த வேலைகளை ஞாயிறு பின்னேரம் ஒரே இருப்பில் முடித்துவைத்தால் மூன்று கூழுக்குப் போதும். அன்றன்று மிஞ்சுவது எதை எப்போது பானைக்குள் போடுவது என்பது மட்டும். கைத்ததும் கட்டிபட்டதும் அந்த வரிசை பிசகியதால் வந்தவை.

முதலில் மா. கடையில் “பனங்கிழங்கு மா” என்று கேட்டால் இரண்டில் எதுவும் கைக்கு வரலாம். பச்சைக் கிழங்கைக் கிழித்து வெயிலில் காயவைத்தது ஒடியல். அவித்துக் காயவைத்தது புழுக்கொடியல். கூழுக்கு வேண்டியது ஒடியல் மா. புழுக்கொடியலில் உள்ள மாப்பொருள் ஏற்கெனவே வெந்துவிட்டதால் கூழில் பிடிப்பு வராது. நறநறவென்று அடியில் படியும். சந்தேகமிருந்தால் ஒரு தேக்கரண்டி மாவைக் கால் கோப்பை பச்சைத் தண்ணீரில் கரைத்துச் சின்னப் பாத்திரத்தில் சூடாக்கிப் பாருங்கள். ஒடியல் மா என்றால் கொதி வரும்போதே கஞ்சிப்பசைபோல இறுகிக் கரண்டியில் ஒட்டும். புழுக்கொடியல் மா தண்ணீர் வேறு மா வேறாக நிற்கும். பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் விற்பனை நிலையங்களில் பொதி செய்த ஒடியல் மா கிடைக்கும். தை, மாசியில் கிழங்கு கிண்டிக் காயவைக்கிற வீடுகள் அக்கம்பக்கத்தில் இருந்தால், நன்றாகக் காய்ந்த ஒடியலாக வாங்கி ஆலையில் திரித்து வைத்துக்கொள்வது அதைவிட நல்லது. திரித்த மாவை அரிதட்டில் ஒரு தரம் அரித்து நாரை எடுத்துவிட வேண்டும். அந்த நார் தொண்டையில் மாட்டும். காற்றுப் புகாத போத்தலில் போட்டு மூடி வைத்து, ஈரக் கரண்டியை மட்டும் உள்ளே விடாதீர்கள்.

நாலு பேருக்கு ஒரு பானைக் கூழின் கணக்கு இது. ஒடியல் மா 120 கிராம், அதாவது பெரிய கோப்பையில் ஒன்று. சிவப்புப் புழுங்கல் அரிசி 50 கிராம். மீன் 400 கிராம், இறால் 200, நண்டு நடுத்தர அளவில் இரண்டு, கணவாய் இருந்தால் 150. மரவள்ளிக்கிழங்கு தோல் நீக்கி 200 கிராம், பயிற்றங்காய் 150, பலாக்கொட்டை 15, முருங்கையிலை இரண்டு கைப்பிடி. பழப்புளி 40 கிராம், செத்தல்மிளகாய் 10, மிளகு ஒரு தேக்கரண்டி, உள்ளி ஆறு பல், மஞ்சள் அரைத் தேக்கரண்டி. தண்ணீர் ஒன்றேமுக்கால் லீற்றர். உப்பு ஒன்றரைத் தேக்கரண்டியில் தொடங்குங்கள். கடலுணவில் இருக்கிற உப்பு கொதிக்கக் கொதிக்க இறங்கும், மிச்சத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். இவ்வளவும் சேர்ந்தால் ஏறக்குறைய மூன்று லீற்றர் கூழ் வரும். பானை ஐந்து லீற்றர் கொள்வதாக இருக்கட்டும். அடி தடித்த பானைதான் வேண்டும். மெல்லிய அலுமினியப் பானையில் மா ஊற்றிய இரண்டாம் நிமிடமே அடிப்பிடிக்கும்.

இந்தப் பட்டியலில் ஒன்றிரண்டு இல்லாவிட்டால் கூழ் கெட்டுவிடாது. நண்டு இல்லையென்றால் இறாலைக் கூட்டுங்கள். பலாக்கொட்டைக் காலம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஒடியல் மா, புளி, மிளகாய், முருங்கையிலை இந்த நாலும் இருந்தால் அது கூழ்தான்.

மீனைத் தெரிவதில் கவனம் வேண்டும். கூழை வாய்வைத்துக் குடிக்கிறோம், பிசைந்து பார்த்து முள்ளெடுத்துச் சாப்பிடுவதில்லை. வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளையும் வயதான மாமியும் இருக்கும்போது சூடை, கீரி போன்ற நுண்முள் மீன்களைக் கூழுக்குள் விடவே கூடாது. பாரை, கொடுவா, சீலா நல்லவை; தசை கெட்டி, முள் பெரிது. திருக்கை இன்னும் நல்லது, அதில் இருப்பது குருத்தெலும்புதான். முல்லைத்தீவு, நாயாறு பக்கத்துக் கடல்மீனும் நாச்சிக்குடா, பூநகரிப் பக்கத்து மீனும் கிளிநொச்சிச் சந்தைக்கு வருகின்றன. வாடையில் கடல் குழம்பி விலை ஏறும் நாளில் இரணைமடுவிலோ முத்தையன்கட்டிலோ பிடித்த விரால் வாங்கலாம், ஒரு குறையும் இல்லை. விராலைச் சாம்பல் தேய்த்து உரசினால் வழுவழுப்பும் செதிலும் சேர்ந்து போகும். குளத்து மீனின் சேற்று மணத்துக்குப் புளி வேண்டும்: துண்டங்களை ஒரு தேக்கரண்டி உப்பும் கொஞ்சம் புளிக்கரைசலும் போட்டுப் பத்து நிமிடம் பிரட்டி வைத்துக் கழுவுங்கள். அந்த மணத்தைத் தருகிற பொருள் புளிப்பில் சிதைந்துவிடும். வெறும் தண்ணீரில் பத்துத் தரம் கழுவினாலும் போகாது.

நந்திக்கடல் இறால் கிடைத்தால் தலையை எறியாதீர்கள். கூழின் மணத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. ஊர்க்கூழில் மீன்தலையை நேரே பானையில் போட்டுவிடுவார்கள், பிறகு ஆளாளுக்கு முள்ளைத் துப்பிக்கொண்டிருப்பார்கள். வேலைநாளுக்கு ஒரு சுலபவழி உண்டு. மீன்தலை, நடுமுள், இறால்தலை எல்லாவற்றையும் சுத்தமான வெள்ளைப் பருத்தித் துணியில் தளர்வாகப் பொட்டலம் கட்டித் தண்ணீரோடு முதலிலேயே பானைக்குள் போட்டுவிடுங்கள். மா ஊற்றுவதற்கு முன் அகப்பையால் தூக்கிப் பானை விளிம்பில் அழுத்திப் பிழிந்து எடுத்துவிடலாம். சாறு கூழுக்கு, முள்ளு வெளியே. மீன்தலையில் செவுளை மட்டும் முழுதாகக் கிள்ளி எடுத்துவிட வேண்டும். அது இருந்தால் சாறு கலங்கிக் கசக்கும்.

ஞாயிறு வேலை ஒன்றரை மணித்தியாலம் எடுக்கும். மூன்று கூழுக்கு என்று வைத்துக்கொண்டால் 120 கிராம் புளியைச் சுடுதண்ணீர் 250 மில்லிலீற்றரில் ஊறவைத்துப் பிழிந்து வடித்து, ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்டுக் கண்ணாடிப் போத்தலில் அடையுங்கள். ஒரு கூழுக்கு அதில் ஐந்து மேசைக்கரண்டி போதும். 30 செத்தல்மிளகாயை அரைமணி நேரம் சுடுதண்ணீரில் ஊறவைத்து, மிளகு, உள்ளி சேர்த்து மையாக அரையுங்கள். அம்மியானாலும் மிக்ஸியானாலும் தோல் துணுக்குத் தெரியக் கூடாது. அரைத்ததை அப்படியே வைக்காமல், அரைக் கோப்பைத் தண்ணீர் விட்டு ஏழெட்டு நிமிடம் சிறு நெருப்பில் கொதிக்கவிட்டு எடுத்துவையுங்கள். பச்சை வாடை அங்கேயே போய்விடும். பிள்ளைக்கு உறைப்பில்லாமல் எடுத்துக் கொடுக்கும்போது இதன் அருமை தெரியும்.

மரவள்ளியில் அவசரம் கூடாது. வெளித்தோலோடு உள்ளே இருக்கிற இளஞ்சிவப்புத் தோலையும் தடிப்பாகச் சீவ வேண்டும். நடுவிலுள்ள நாரைப் பிளந்து எடுத்து, இரண்டு சென்ரிமீற்றர் துண்டுகளாக வெட்டி, நிறையத் தண்ணீரில் மூடாமல் பன்னிரண்டு நிமிடம் அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். மரவள்ளியில் இயற்கையாக இருக்கிற நச்சுப்பொருள் தோலோடும் ஆவியோடும் வடித்த தண்ணீரோடும் பெரும்பகுதி போய்விடும். வெட்டும்போது நீலம் ஓடிய கிழங்கையும் கைக்கிற கிழங்கையும் எறியுங்கள். மரவள்ளியோடு இஞ்சி சேர்க்கக் கூடாது என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். கூழுக்கு எப்படியும் இஞ்சி தேவையில்லை, அந்த வாக்குவாதம் இங்கே வேண்டாம். அவித்து வடித்த கிழங்கு உறைபெட்டியில் நன்றாக நிற்கும். பலாக்கொட்டையும் அப்படியே: வெள்ளைத் தோலை உரித்து இரண்டாகப் பிளந்து பதினைந்து நிமிடம் அவித்து வைத்துக்கொள்ளலாம்.

இறாலையும் கணவாயையும் மீனையும் பச்சையாகவே, ஒரு கூழுக்கு ஒரு பை என்று பிரித்து உறையவைக்கலாம். நண்டை மட்டும் பச்சையாக உறையவைக்காதீர்கள். சதை குழைந்து ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும், மூட்டுகள் கறுக்கும். ஓடு கழற்றி, பூவை (செவுளை) எடுத்து, இரண்டாகப் பிளந்து, கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டெடுத்து ஆறவைத்துப் பிறகு உறையவையுங்கள். நண்டின் கால்களை ஒரு தட்டு தட்டி வெடிக்கவிட்டால் போதும். நொறுக்கினால் கண்ணுக்குத் தெரியாத ஓட்டுச் சில்லுகள் கூழில் கலக்கும், அவை மீன்முள்ளைவிடப் பொல்லாதவை. சமைக்கிற நாள் காலையில் ஒரு பையைக் கீழ்த்தட்டுக்கு இறக்கிவிட்டு, 50 கிராம் அரிசியையும் ஒரு கோப்பையில் ஊறப்போட்டுவிட்டு வேலைக்குப் போங்கள். ஊறாத புழுங்கலரிசி வேக அரைமணி நேரத்துக்கு மேல் எடுக்கும். பத்து மணித்தியாலம் ஊறியது பதினைந்து நிமிடத்தில் மலர்ந்துவிடும்.

இனி மாலை ஆறு மணி. சட்டையை மாற்றுவதற்கு முன்பே மாவை ஊறப்போட்டுவிடுங்கள். வாயகன்ற பாத்திரத்தில் 120 கிராம் மா, அதன்மேல் ஒரு லீற்றர் பச்சைத் தண்ணீர், கையால் நன்றாகக் கலக்கிவிட்டு அசையாமல் வைத்துவிட வேண்டும். கைப்பு வருவதும் போவதும் இந்தப் பாத்திரத்தில்தான். பதினைந்து நிமிடத்தில் மா அடியில் சந்தனம்போல் படியும், மேலே தண்ணீர் வெளிறிய மஞ்சளாகத் தெளியும். கைப்பு அந்தத் தண்ணீரில் இறங்கியிருக்கிறது. பாத்திரத்தை மெதுவாகச் சரித்து அதை ஊற்றிவிட்டு, மறுபடி ஒரு லீற்றர் விட்டுக் கலக்கி வையுங்கள். இரண்டாவது தண்ணீர் அநேகமாக நிறமில்லாமல் தெளியும். அதையும் ஊற்றியபின் அடியில் மிஞ்சிய மாவில் ஒரு சிட்டிகை எடுத்து நுனிநாக்கில் தொட்டுத் துப்பிப் பாருங்கள். மெல்லிய துவர்ப்பு இருக்கலாம், அது கூழின் குணம். கைப்பு நாக்கின் அடியில் போய் நின்றால் மூன்றாவது தண்ணீர் வேண்டும். உங்கள் முதல் கூழ் கைத்ததற்கு, மாவை ஊறிய தண்ணீரோடு சேர்த்தே ஊற்றியதுதான் பெரும்பாலும் காரணமாயிருக்கும். “மா கரைந்து போகுமே” என்று அந்தத் தண்ணீரைக் கொட்டப் பலருக்கு மனம் வருவதில்லை. அடியில் படிந்ததுதான் மா. கொட்டுவதில் நட்டமில்லை.

காலையிலேயே ஊறவைத்துவிட்டுப் போகலாமா என்றால், குளிர்சாதனப் பெட்டிக்குள் என்றால் சரி. வெளியே வைத்தால் வன்னி வெக்கைக்கு மாலைக்குள் மா புளித்து நுரைத்துவிடும்.

மா ஊறுகிற அதே நேரத்தில் பானை அடுப்பில் ஏறுகிறது. தண்ணீர், தலைப்பொட்டலம், ஊறிய அரிசி, மஞ்சள், உப்பு. மூடிப் பெரிய நெருப்பில் வையுங்கள். காஸ் அடுப்பில் பத்து நிமிடத்தில் கொதி வரும். விறகடுப்பென்றால் இன்னும் ஐந்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். கொதி வந்து பத்து நிமிடம் கழித்து அவித்த மரவள்ளியும் பலாக்கொட்டையும். இன்னும் மூன்று நிமிடம் கழித்துப் பயிற்றங்காயும் நண்டும். பயிற்றங்காயை விரல்நீளத்துக்கு வெட்டாமல் மூன்று சென்ரிமீற்றருக்குள் வெட்டுங்கள், கோப்பை விளிம்பில் தொங்காது. ஐந்து நிமிடம் சென்றதும் மீன். மீன் போட்ட பின் அகப்பையைச் சுழற்றக் கூடாது, பானையின் காதைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினால் போதும்.

இதுவரை புளி எட்டிப்பார்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். புளிப்பு முதலிலேயே இறங்கினால் பயிற்றங்காயும் கிழங்கும் இறுகும், எவ்வளவு நேரம் வைத்தாலும் நடுவில் நெருக்கென்று நிற்கும். அரிசியும் மலராது. மா இறங்கும்போது புளியும் இறங்கினால் போதும்.

மீன் போட்டு மூன்றாம் நிமிடம் பொட்டலத்தைப் பிழிந்து எடுத்துவிட்டு மாவுக்கு வாருங்கள். தெளிநீர் ஊற்றிய மாவில் புளிக்கரைசல் ஐந்து மேசைக்கரண்டியும் பச்சைத் தண்ணீர் ஒரு கோப்பையும் விட்டு, விரலால் அடியிலிருந்து வழித்துக் கரைக்க வேண்டும். பதம் மோர்போல இருக்கட்டும். அகப்பையிலிருந்து ஒழுகும்போது நூலாக அறாமல் விழுந்தால் சரி. தோசைமாப்போல் தடித்து விழுந்தால் இன்னும் அரைக் கோப்பைத் தண்ணீர் விடுங்கள். கட்டிபடுவது இந்த இடத்தில்தான். தடித்த கரைசலைக் கொதிக்கிற பானைக்குள் ஒரேயடியாகக் கவிழ்த்தால், விழுந்த உருண்டையின் வெளிப்பக்கம் சட்டென்று வெந்து பசையாகி மூடிக்கொள்ளும். உள்ளே தண்ணீர் போக வழியில்லாமல் மா பச்சையாகவே நிற்கும். கடித்தால் வெள்ளை மா தூளாகத் தெறிக்கும். உலர்ந்த மாவை மேலே தூவினால் இதைவிடக் கேடு.

ஆகவே மூன்று காரியம் செய்யுங்கள். நெருப்பைக் குறைத்துக் கொதியை அடக்குங்கள். பானையிலிருந்து இரண்டு அகப்பைச் சூட்டுச்சாற்றை மாக்கரைசலுக்குள் விட்டுக் கலக்கி இளஞ்சூடாக்குங்கள். பிறகு ஒரு கையால் மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே மறுகையால் அகப்பையைப் பானையின் அடியோடு முன்னும் பின்னும் தள்ளுங்கள். சுழற்றாமல் தள்ளுவது மீன் உடையாமல் இருப்பதற்கு. ஊற்றி முடித்ததும் நெருப்பைக் கொஞ்சம் கூட்டலாம். இரண்டு நிமிடத்தில் கூழின் முகம் மாறுவது தெரியும். சுண்ணாம்புத் தண்ணீர்போலக் கலங்கியிருந்தது மெல்ல மெல்ல ஒளி ஊடுருவுகிற பசையாகும். குமிழி சலசலவென்று உடைவது நின்று, “பொளக், பொளக்” என்று சோம்பலாக வெடிக்கும். கையில் தெறித்தால் சுடும், நீண்ட காம்பு அகப்பை நல்லது.

மா விட்டு நாலாம் நிமிடம் இறாலும் கணவாயும். இறாலுக்கு நாலு நிமிடம் போதும். வளைந்து சிவந்ததும் வெந்துவிட்டது, அதற்குமேல் ரப்பர். கணவாய் இரண்டு மூன்று நிமிடத்தில் மெதுவாக இருக்கும், ஐந்து தாண்டினால் இறுகும். பிறகு அதை மறுபடி மெதுவாக்க அரைமணி நேரம் கொதிக்கவிட வேண்டும், அதற்குள் மீன் கரைந்துவிடும். மா விட்ட கணக்கில் எட்டாம் நிமிடம் முருங்கையிலையைத் தூவிக் கிளறி அடுப்பை அணைத்துவிடுங்கள். இலை பானைச் சூட்டிலேயே வேகும். முருங்கையிலையை நீண்டநேரம் மூடி வேகவிட்டால் கறுத்துக் கைக்கும். மா நன்றாக வெந்தபின்தான் இலை போட வேண்டும் என்பதால் எட்டு நிமிடத்தைக் குறைக்காதீர்கள். வேகாத ஒடியல் மா வயிற்றுக்கு ஆகாது. பத்து நிமிடத்துக்கு மேலும் விடாதீர்கள். புளிப்போடு நெடுநேரம் கொதித்தால் கூழின் பிடிப்பு தளர்ந்து தண்ணீராகும். இறுகட்டும் என்று அரைமணி நேரம் காய்ச்சுகிறவர்கள் நினைத்ததற்கு நேர்மாறாக வாங்கிக் கட்டிக்கொள்வது இதனால்தான்.

இப்போது உறைப்பில்லாத கூழ் பானையில் இருக்கிறது. பிள்ளைக்குரியதை எடுத்து வேறாக வைத்து, மீன்துண்டை ஒரு தரம் விரலால் நசித்து முள் பார்த்துவிடுங்கள். மிச்சத்துக்கு ஞாயிறு அவித்து வைத்த மிளகாய்க் கூட்டில் மூன்றிலொரு பங்கைக் கலக்கி, ஒரு நிமிடம் சூடாக்கி இறக்குங்கள். மாமிக்கு உறைப்பு ஆகாதென்றால் அவருக்கும் முதலிலேயே எடுத்துவிடலாம். உப்பும் புளியும் இந்த இடத்தில்தான் பார்க்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க நாக்கில் வைத்தால் புளிப்பு சரியாகத் தெரியாது, கரண்டியில் எடுத்து ஊதி ஆற்றிப் பாருங்கள். புளி தூக்கலாகிவிட்டால் சீனி போட்டு மழுப்பாதீர்கள். ஒரு துண்டு மரவள்ளியை நசித்துக் கலந்து கொஞ்சம் சுடுதண்ணீர் விட்டால் ஒடுங்கும்.

இறக்கும்போது கூழ் நீங்கள் விரும்புவதைவிடச் சற்று நீர்த்தே இருக்க வேண்டும். பத்து நிமிடம் ஆறும்போது தானாக இறுகும். அடுப்பிலேயே சரியான பதத்துக்கு இறுகினால் கோப்பையில் களியாகிவிடும். இறுகிப்போனால் சுடுதண்ணீர் மட்டும் விடுங்கள், பச்சைத் தண்ணீர் விட்டால் தண்ணீர் வேறு கூழ் வேறாக நிற்கும். நீர்த்துப்போனால் மேலும் மாவை அள்ளிப்போடாமல், ஒரு மேசைக்கரண்டி மாவைக் கழுவித் தெளியவைத்துக் கரைத்து ஊற்றி இன்னும் எட்டு நிமிடம் வைக்க வேண்டியதுதான், குறுக்குவழி இல்லை.

அடிப்பிடித்த மணம் வந்தால் அகப்பையால் சுரண்டாதீர்கள். சுரண்டினால் அந்த மணம் முழுப்பானைக்கும் ஏறும். உடனே அடுப்பை அணைத்து, மேலே இருப்பதை வேறு பானைக்கு மெதுவாகச் சரித்து ஊற்றி, அடியை விட்டுவிடுங்கள். மா ஊற்றிய பிறகு தொலைபேசி எடுக்கப் போகாமல் இருந்தால் இந்த நிலை வராது. அந்த எட்டு நிமிடம் மட்டும்தான் பானையோடு நிற்க வேண்டியது. அதற்கு முந்திய நேரத்தில் பிள்ளையைக் குளிப்பாட்டலாம், படிப்பைப் பார்க்கலாம்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டுக்கு வேறு கணக்கு. அங்கே கருவாடு கைகொடுக்கும். திருக்கைக் கருவாடு 100 கிராமைச் சுடுதண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்துக் கழுவிச் சின்னத் துண்டுகளாக்கி, அரிசியோடு முதலிலேயே போட்டுவிடுங்கள். உப்பு ஒரு துளியும் போடாமல் கடைசியில் பார்த்துப் போடலாம். மரவள்ளியை அன்றே அவித்து வடிக்க வேண்டியிருக்கும், இருபது நிமிடம் கூடும். ருசியில் குறைவில்லை. சிலருக்குப் பச்சை மீன் கூழைவிட இதுதான் பிடிக்கும்.

வெள்ளிக்கிழமை மச்சம் இல்லாத வீட்டில் பயிற்றங்காயோடு பூசணிக்காய் 200 கிராம், முதல்நாள் ஊறவைத்து அவித்த கவுபி ஒரு கோப்பை சேர்த்தால் வயிறு நிற்கும். மீன்சாறு இல்லாத குறையை ஈடுசெய்ய உள்ளியையும் மிளகையும் ஒன்றரை மடங்காக்குங்கள். பூசணி சீக்கிரம் கரையும், ஆகவே பயிற்றங்காய்க்குப் பிறகு போடுங்கள். ஆடிப்பிறப்புக்குக் காய்ச்சுகிற இனிப்புக் கூழ் வேறு, இதனோடு குழப்ப வேண்டாம்.

ஒடியல் மா முடிந்துபோன நாளில் குரக்கன் மா 90 கிராம் எடுத்துப் பச்சைத் தண்ணீரில் கரைத்து இதே முறையில் ஊற்றலாம். கழுவித் தெளியவைக்கத் தேவையில்லை. நிறம் கறுக்கும், மணம் மாறும், கூழ் என்று சொல்லலாம், ஒடியற்கூழ் என்று சொல்ல முடியாது.

குடிக்கப் பனையோலையில் பிளா கோல நேரமில்லையென்றால் கைபிடி உள்ள பெரிய கோப்பை போதும். தட்டையான கோப்பையில் கூழ் சீக்கிரம் ஆறி ஆடை படரும். மிஞ்சினால் பானையோடு இரவு முழுக்க அடுப்பில் விட்டுவைக்காதீர்கள். இறாலும் நண்டும் கிடக்கிற கூழ் நமது வெக்கையில் விடியும்முன் கெட்டுவிடும். இரண்டு மணித்தியாலத்துக்குள் அகலமான பாத்திரத்தில் ஊற்றி ஆற்றிக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து, மறுநாள் காலையிலேயே முடித்துவிடுங்கள். அப்போது அது கட்டியாக வெட்டுகிற பதத்தில் இருக்கும். இரண்டு கோப்பைக் கூழுக்கு அரைக் கோப்பைச் சுடுதண்ணீர் விட்டு, சிறு நெருப்பில் அடியோடு தள்ளித் தள்ளிக் கொதி வரும்வரை சூடாக்குங்கள். பானையைக் கழுவச் சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள், ஒட்டிய மா இன்னும் இறுகும். பச்சைத் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவிட்டால் தோலாக உரிந்து வரும்.